மெஹர் ராணி வீடு திரும்பிய வழி

வஹிதாவுக்குப் படிக்கத் தெரியாது என்று பொம்மிடியில் யாராவது சொல்லிவிட்டால் போதும், அவளுக்கு மூக்கு விடைத்துக்கொள்ளும். வாணியம்பாடியில் பிறந்து வளர்ந்து, அங்கே ஓர் உருதுப் பள்ளியில் எட்டாம் வகுப்பு வரை படித்தவள் அவள். வகுப்பில் முதல் ஆள். கதைப் புத்தகம் கையில் கிடைத்துவிட்டால் அடுப்பில் பால் பொங்கி வழிவதுகூடத் தெரியாது. அதற்காக அம்மாவிடம் எத்தனையோ முறை வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறாள்.

பதினெட்டு வயதில் நூர் பாஷாவைக் கட்டிக்கொண்டு பொம்மிடி ஸ்டேஷனில் வந்து இறங்கினாள். அங்கேதான் சங்கடம் ஆரம்பித்தது. பலசரக்குக் கடைப் பலகை, பஸ் பலகை, டாக்டர் வீட்டுப் பலகை எல்லாமே தமிழில் இருந்தன. பிறந்த ஊரிலும் தமிழ்ப் பலகை உண்டுதான். ஆனால் அங்கே அவள் தன் தெருவைத் தாண்டியது குறைவு, தாண்டினால் அண்ணன் கூட வருவான். தமிழ் எழுத்து இல்லாமலே காலம் ஓடிவிட்டது. பேச்சுத் தமிழ் மட்டும் பொம்மிடிக்கு வந்த ஒரே வருஷத்தில் நாக்கில் ஏறிக்கொண்டது. அதைக் கற்றுக்கொடுத்தவர்கள் புளி தட்ட வந்த பெண்கள். அதனால் அவளுக்கு நல்ல தமிழோடு நல்ல வசவும் சேர்ந்தே வந்தது. பஸ்ஸைப் பெயிண்டைப் பார்த்து அடையாளம் கண்டுகொள்வாள். ஒருமுறை பஸ்காரன் வண்டிக்குப் புதுப் பெயிண்ட் அடித்துவிட்டான், தருமபுரிக்குக் கிளம்பியவள் பாப்பிரெட்டிப்பட்டியில் போய் இறங்கினாள். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

நூர் பாஷாவுக்குப் புளி வியாபாரம். மாசி பிறந்தால் சித்தேரி மலைக்குப் போய் மரங்களைப் பார்த்துப் பேசி, மூட்டை மூட்டையாக இறக்கிக்கொண்டு வருவார். பிறகு சித்திரை வரை வீடு முழுக்கப் புளிதான். மாதம்மாளும் இன்னும் நாலு பெண்களும் காலையில் வந்து உட்காருவார்கள். ஓட்டை உடைத்து, நாரை உரித்து, கல்லின் மேல் வைத்துச் சின்னச் சுத்தியால் தட்டிக் கொட்டையை எடுக்க வேண்டும். வஹிதா முதலாளி வீட்டுக்காரி என்று ஒதுங்கி நிற்கிறவள் இல்லை. அவளுக்கும் ஒரு கல், ஒரு சுத்தி உண்டு. அந்த இரண்டு மூன்று மாதமும் அவள் விரல்கள் பழுப்பாகவே இருக்கும்.

அந்தப் புத்தகம் வந்தது 1980இல், அப்படியொரு மாசி மாதத்தில். சேலத்தில் புளியை இறக்கிவிட்டு வந்த நூர் பாஷா பழைய புத்தகக் கடையில் அதைப் பார்த்தார். அவருக்கும் தமிழில் கையெழுத்துப் போடுவதற்கு மேல் வராது. புத்தகத்தில் படம் நிறைய இருந்தது, மகளுக்கு ஆகும் என்று வாங்கி வந்துவிட்டார். மகள் சுல்தானாவுக்கு அப்போது ஐந்தரை வயது, இன்னும் பள்ளிக்கூடம் போகவில்லை. புத்தகத்துக்கு முன்னட்டையும் கிடையாது, பின்னட்டையும் கிடையாது. வினையே அங்கேதான்.

"அம்மி, படிச்சுக் காட்டுங்க," என்று சுல்தானா மடியில் ஏறி உட்கார்ந்தாள்.

வஹிதா புத்தகத்தை வாங்கினாள். அவள் அதுவரை திறந்த புத்தகமெல்லாம் எந்தப் பக்கம் திறக்குமோ, அந்தப் பக்கமே இதையும் திறந்தாள். வலது பக்கம். உருதுப் புத்தகம் அப்படித்தான் தொடங்கும், வலமிருந்து இடமாக. தமிழ்ப் புத்தகம் நேர் எதிர் என்பதை அவளுக்குச் சொல்ல அங்கே யாரும் இல்லை.

திறந்ததும் முழுப்பக்கப் படம். ஒரு ராணி சிம்மாசனத்தில் கிரீடத்தோடு உட்கார்ந்திருக்கிறாள், கன்னத்தில் கை. வஹிதா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். எனக்கு இந்த எழுத்து வராது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் மகள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வகுப்பில் முதல் ஆளாக வந்த கௌரவமும் விடவில்லை.

"ஒரு ஊருல மெஹர்னு ஒரு ராணி," என்று ஆரம்பித்தாள். "அவளுக்குக் கிரீடம் ரொம்பக் கனமா இருந்துச்சு. தலைவலி தாங்கல. எங்கம்மா கையால ஒரு உருண்டை களி தின்னா சரியாப் போயிரும்னு அவளுக்குத் தோணுச்சு."

அப்படிக் கிளம்பியதுதான் கதை. பக்கத்தைத் திருப்பத் திருப்ப ஏழு கதவுகள் வந்தன. ஏழாம் கதவில் சிங்கம், ஆறில் யானை, ஐந்தில் மயில், பிறகு கரடி, குரங்கு, கொக்கு, ஆமை. ஒவ்வொரு படத்திலும் அந்தப் பெண்ணும் காவலும் எதிரெதிரே கையை நீட்டிக்கொண்டு நிற்பார்கள். ஒரு கையில் ஒரு பொருள், மறு கையில் இன்னொன்று. யார் கொடுக்கிறார், யார் வாங்குகிறார் என்று படம் சொல்லாது. வஹிதா சொன்னாள். மெஹர் ராணி சிங்கத்திடம் கிரீடத்தைக் கொடுத்துவிட்டு ஒரு மண்கலயத்தை வாங்கிக்கொண்டாள். கொக்கிடம் பட்டுப்பாவாடையைக் கொடுத்துவிட்டுத் தன் பழைய சீட்டிப்பாவாடையை வாங்கிக்கொண்டாள். ஆமையிடம் தங்க வளையலைக் கழற்றிக் கொடுத்து, தன் மரவளையலைப் போட்டுக்கொண்டாள். கடைசிப் படத்தில் ஒரு குடிசை, உள்ளே அடுப்பு முன்னால் ஒரு அம்மா.

ராணி கதவைத் தட்டுவாள். உள்ளே இருந்து, "யாரு?" என்று அம்மா கேட்பாள்.

"களி ஆறிடுச்சா, அம்மி?" என்பாள் ராணி.

"ஆறல, சூடாத்தான் இருக்குது. வா."

அதோடு கதை முடிந்தது. சுல்தானா, "இன்னொருக்கா," என்றாள்.

அன்று முதல் தினமும் நாலரை மணிப் பாசஞ்சர் கூவிவிட்டுப் போனதும் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு அம்மாவும் மகளும் புத்தகத்தோடு உட்காருவார்கள். புளி ஒட்டிய விரல் பட்டுப் பட்டுப் பக்க ஓரமெல்லாம் பழுப்பேறிப் போயிற்று. பக்கத்தின் அடியில் 112, 111, 110 என்று எண் இறங்கிக்கொண்டே போனதை வஹிதா கவனிக்காமல் இல்லை. இன்னும் எத்தனை பக்கம் மிச்சம் என்று போட்டிருக்கிறார்கள், நல்ல ஏற்பாடுதான் என்று நினைத்துக்கொண்டாள். அந்த வெள்ளை மனதை என்னவென்று சொல்வது!

ஜூன் மாதம் குட்டு வெளிப்பட்டது, அவளுக்கு மட்டும். சுல்தானா ஒன்றாம் வகுப்பில் சேர்ந்து, புதுத் தமிழ்ப் புத்தகத்தைக் கொண்டுவந்து இடது பக்கமாகத் திறந்து, "அ, ஆ" என்று கத்தினாள். வஹிதா அந்தப் புத்தகத்தைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய் மெஹர் ராணியை எடுத்து, அந்தப் பக்கமாகத் திறந்து பார்த்தாள். எண் ஒன்று. குடிசை. அடுப்பு முன்னால் அம்மா. மூன்று மாதமாக அவள் கதையின் வாலைப் பிடித்துத் தலைக்குப் போய்க்கொண்டிருந்திருக்கிறாள்.

அப்போதே சொல்லியிருந்தால் சிரிப்போடு போயிருக்கும். சொல்லவில்லை. மகள் தெருவெல்லாம் "எங்கம்மி எவ்ளோ பெரிய புக்கெல்லாம் படிப்பாங்க" என்று தண்டோரா போட்டு வைத்திருந்தாள். அந்தப் பேர் வஹிதாவுக்கு இனித்தது, மறைப்பானேன். எழுத்துத் தெரியாத ஊரில் ஒரே ஒரு ஆளாவது அவளைப் படித்தவள் என்று நம்புகிறது. அதை இழக்க மனம் வரவில்லை. கதை தொடர்ந்தது, பயமும் கூடவே வந்தது. சுல்தானா எழுத்துக் கூட்டினாள், பிறகு வார்த்தை, பிறகு வரி. மற்ற தாய்மார்கள் பிள்ளை படிக்க ஆரம்பித்தால் மிட்டாய் கொடுப்பார்கள். வஹிதா ஒவ்வொரு புது எழுத்துக்கும் இன்னும் எத்தனை மிச்சம் என்று எண்ணினாள்.

மகள் இரண்டாம் வகுப்பை முடித்த அன்று, புத்தகத்தை எடுத்துச் சாக்கு அடுக்குக்கு அடியில் ஒளித்து வைத்துவிட்டாள். சேலத்துக்குப் போன மூட்டையோடு போய்விட்டது போலிருக்கிறது என்று மகளிடம் சொன்னாள். சுல்தானா இரண்டு நாள் அழுதாள். வஹிதா புளித்தூசி விழுந்த கண்ணைத் துடைத்துக்கொண்டே வேலையைப் பார்த்தாள்.

மூன்றாம் வகுப்பு டீச்சர் மிக்கேலம்மாள். வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் பிள்ளைகளைக் கதை சொல்லச் சொல்வார். சுல்தானா மூன்று வெள்ளிக்கிழமை தொடர்ந்து மெஹர் ராணியைச் சொன்னாள். 1983 மாசியில் டீச்சர் வருஷத்துக்கு வேண்டிய புளி வாங்க நேராக வீட்டுக்கே வந்துவிட்டார்.

"ஏங்க, உங்க பொண்ணு சொல்ற கதைய அந்த கிளாஸே வாயப் பொளந்துகிட்டுக் கேக்குதுங்க," என்றார் டீச்சர். "படிச்சுக் காட்டறதுக்கு இப்பிடி ஒரு அம்மா கெடைக்கணும். அந்தப் புக்க எனக்கு ஒரு தரம் குடுங்களேன், பாத்துட்டுத் தரேன்."

வஹிதா வாயைத் திறப்பதற்குள் சுல்தானா முந்திக்கொண்டாள். "அது தொலைஞ்சு போச்சுங்க டீச்சர். எங்கம்மிகிட்ட அத மட்டும் கேக்காதீங்க. அதுக்காக அவுங்க ரெண்டு நாள் அழுதாங்க."

வஹிதாவுக்கு நெஞ்சில் யாரோ சுத்தியால் தட்டியது போலிருந்தது. தூசியைத் துடைத்ததைக் கண்ணீர் என்று நம்பி, எட்டு வயதுப் பெண் தன்னை டீச்சரிடமிருந்து காப்பாற்றுகிறது. திருட்டை மறைக்கலாம், இதை எப்படித் தாங்குவது? எழுந்து உள்ளே போனாள். சாக்குகளைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புத்தகத்தை எடுத்து வந்து மகள் கையில் வைத்தாள்.

"நான்தான் எடுத்து வச்சேன்," என்றாள். ஏன் என்று சொல்லவில்லை.

டீச்சர் அதை வாங்கி, இடது பக்கமாகத் திறந்து, நாலு பக்கம் புரட்டினார். ஒரு முறை வஹிதாவைப் பார்த்தார். பிறகு புத்தகத்தைச் சுல்தானாவிடமே கொடுத்து, "எனக்கு அப்பறமாக் குடு. மொதல்ல நீயே அம்மாவுக்குப் படிச்சுக் காட்டு," என்று சொல்லிவிட்டு, ஐந்து கிலோ புளியோடு போய்விட்டார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மாலையில் எல்லோரும் புளி தட்டிக்கொண்டிருக்க, சுல்தானா நடுவில் உட்கார்ந்து புத்தகத்தை விரித்தாள். முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் பெயர் இருந்தது. "பொன்னரளியும் ஏழு கதவுகளும்," என்று படித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"மெஹர்னு இல்லையே, அம்மி."

"ம்."

"குடிசை மொதல்ல வருது. நீங்க சொல்றப்ப கடைசியிலதான வந்துச்சு?"

"படி," என்றாள் வஹிதா, கல்லைப் பார்த்தபடி.

மூன்று நாள் மாலை படித்தாள். நன்றாகத்தான் படித்தாள், வஹிதாவுக்கே பெருமையாக இருந்தது, அதுதான் கொடுமை. பொன்னரளி குடிசையை விட்டுக் கிளம்புகிறாள். ஆமை மரவளையலை வாங்கிக்கொண்டு தங்க வளையலைக் கொடுக்கிறது. கொக்கு சீட்டிப்பாவாடையை வாங்கிக்கொண்டு பட்டைக் கொடுக்கிறது. ஏழாம் கதவில் சிங்கம் அவள் கையில் இருந்த மண்கலயத்தைக் கேட்கிறது. அந்தக் கலயத்தில் இருப்பது வீட்டு நினைப்பு. அதைக் கொடுத்தால்தான் கிரீடம். கொடுக்கிறாள். மாதம்மாள் சுத்தியை நிறுத்திவிட்டாள்.

கடைசிப் பக்கம் வந்தது. "பொன்னரளி கன்னத்தில் கை வைத்து யோசித்தாள். எதையோ மறந்தது போல் இருந்தது. எதை என்று தெரியவில்லை. பிறகு சிரித்துக்கொண்டே ஆட்சி செய்தாள்." சுல்தானா பக்கத்தைத் திருப்பினாள். அங்கே ஒன்றும் இல்லை.

"அந்த அம்மா என்னா ஆனாங்க?"

சுல்தானா கடைசித் தாளின் ஓரத்தைத் தடவிப் பார்த்தாள்.

"பக்கம் ஏதாச்சும் கிழிஞ்சு போச்சுங்களா?"

"இல்ல கண்ணு. அவ்வளவுதான் போலிருக்குது," என்றாள் வஹிதா.

சுல்தானா அம்மாவையே பார்த்தாள். "அப்ப நீங்க படிக்கவே இல்லைங்களா?"

"எனக்கு இந்த எழுத்து வராது," என்றாள் வஹிதா. மூன்று வருஷமாகத் தொண்டையில் இருந்த வார்த்தை, இவ்வளவு சின்னதா என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

"பாயம்மா, அதுக்கென்னா இப்ப, எனக்குந்தான் வராது," என்று மாதம்மாள் சமாதானத்துக்கு வந்தாள். அது எடுபடவில்லை. சுல்தானா புத்தகத்தை மூடி வைத்துவிட்டு எழுந்து போனாள்.

இரண்டு நாள் பேச்சு இல்லை. சோறு போட்டால் தின்றாள், தலை பின்னக் கூப்பிட்டால் வந்து முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். வாய் மட்டும் திறக்கவில்லை. நாலரை மணி ரயில் தினமும் கூவிவிட்டுப் போயிற்று. அந்த நேரத்தில் கையைக் காலை எங்கே வைப்பதென்று தெரியாமல் வஹிதா கூடுதலாக ஒரு கூடை புளி தட்டினாள். பேர் போனால் போகட்டும், இனி அந்தக் குழந்தை தன் மடியில் வந்து உட்காராதோ என்பதுதான் அவளைத் தின்றது. தொழுகை முடித்துக் கையேந்தும்போதுகூட வேறொன்றும் கேட்கத் தோன்றவில்லை.

மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை. சுல்தானா பள்ளிக்கூடம் விட்டு வந்து, பையிலிருந்து ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்து அம்மா முன்னால் போட்டாள்.

"எழுதுங்க."

"என்னாத்த?"

"மெஹர் ராணி கதைய. அது எந்தப் புக்குல இருக்குதுனு டீச்சர் கேட்டாங்க. எங்கம்மிகிட்ட இருக்குது, இனிமேதான் எழுதப் போறாங்கனு சொல்லிட்டேன்."

வஹிதா நோட்டை எடுத்துப் புரட்டினாள். "எனக்குத் தமிழ் எழுத வராதேடி."

"உங்க எழுத்துலயே எழுதுங்க," என்றாள் சுல்தானா, இவ்வளவுகூடத் தெரியாதா என்கிற குரலில். "நீங்கதான படிக்கப் போறீங்க? நான் கேக்கத்தான போறேன்?"

கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு உட்கார்ந்தாள் வஹிதா. கல்யாணத்துக்குப் பிறகு கடுதாசி தவிர வேறெதுவும் எழுதாத கை. வலது ஓரத்தில் தொடங்கி இடது பக்கமாக அவள் எழுத்து ஓட, சுல்தானா தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துக்கொண்டே, "தலைவலிய விட்டுட்டீங்க," "குரங்கு பல்ல இளிச்சத எழுதுங்க," என்று நச்சரித்தாள். ஒரு வாரம் ஆயிற்று. முடிந்ததும் சாக்கு தைக்கிற கோணி ஊசியில் சணலைக் கோத்து, அந்தத் தாள்களைப் பழைய புத்தகத்தின் பின்பக்கத்தோடு சேர்த்துத் தைத்துவிட்டாள்.

இடது பக்கம் திறந்தால் பொன்னரளி வீட்டை விட்டுப் போவாள். வலது பக்கம் திறந்தால் மெஹர் வீட்டுக்கு வருவாள். நூர் பாஷா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஒரு புக்குக்கு ரெண்டு வாசப்படியா? நல்லா இருக்குதே உங்க கட்டடம்!" என்று சிரித்தார். மகள் இந்தப் பக்கம் படிப்பாள், அம்மா அந்தப் பக்கம் படிப்பாள். படித்து முடித்தால் இருவரும் நடுவில் அந்தத் தையலில் வந்து சந்தித்துக்கொள்வார்கள். சுல்தானா உயரமாகி, மடி பத்தாமல் தோளில் சாய ஆரம்பித்த பிறகும் அது நடந்தது.

1988 ஜூனில் சுல்தானா ஒன்பதாம் வகுப்புக்குத் தருமபுரிக்குப் போனாள். பெரிய பள்ளிக்கூடம். நூர் பாஷாவின் தங்கை வீட்டில் தங்கல், சனிக்கிழமை சனிக்கிழமை வீடு. வஹிதாதான் பிடிவாதமாக நின்று அனுப்பினாள். பஸ் ஏற்றிவிட வந்தபோது புத்தகத்தைப் பையில் திணிக்கப் போனாள்.

"வேணாம் அம்மி, வூட்லயே இருக்கட்டும்," என்றாள் மகள். பஸ் கிளம்பிவிட்டது.

ஏன் வேண்டாம் என்றாள்? சின்னப் பிள்ளை சமாச்சாரம் என்று வெட்கமா? வீட்டுக்கு வந்த வஹிதாவுக்கு அந்த ஒரு வார்த்தை போதுமாயிற்று, வாரம் முழுக்க மென்றுகொண்டிருந்தாள். புது ஊர், புதுத் தோழிகள், அத்தை வீட்டில் டி.வி. வேறு. ஒவ்வொரு கதவிலும் ஏதோ ஒன்றைக் கொடுத்து ஏதோ ஒன்றை வாங்குவாள். கொடுக்கிறது எதுவென்று யாருக்குத் தெரியும்? புதன்கிழமை நாலரை மணிக்குப் புத்தகத்தை எடுத்தாள். தன் பக்கம்தான் திறந்தாள். ஆமையின் கதவு வரை வந்தவள், குடிசைப் பக்கத்தைப் படிக்காமல் மூடி வைத்தாள்.

சனிக்கிழமை வந்தது. நாலு மணி பஸ்ஸில் வருவதாகப் பேச்சு. நாலு மணி பஸ் வந்தது, சுல்தானா வரவில்லை. ஐந்து மணி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு ஸ்டேஷன் பக்கம் திரும்பிய சத்தம் கேட்டது. வஹிதா வாசலுக்குப் போகவில்லை. போய்ப் பார்த்து, அங்கே யாரும் இல்லை என்றால் என்ன செய்வது? கறிக்குழம்பு கொதிக்கிற அடுப்பின் முன்னாலேயே உட்கார்ந்திருந்தாள்.

கதவு தட்டும் சத்தம் கேட்டது. திறந்து கிடந்த கதவுதான், தட்ட வேண்டிய அவசியமே இல்லை.

"யாரு?" என்றாள் வஹிதா.

"களி ஆறிடுச்சா, அம்மி?"

அன்று அந்த வீட்டில் களியே கிடையாது. மகள் வருகிறாள் என்று காலையிலிருந்து கறியும் நெய்ச்சோறுமாக ஆக்கி வைத்திருந்தாள் வஹிதா. ஆனாலும் இந்த முறை புளித்தூசி ஒன்றும் விழாத கண்ணை முந்தானையால் துடைத்துக்கொண்டு, சொல்ல வேண்டியதைச் சொன்னாள்.

"ஆறல, சூடாத்தான் இருக்குது. வா."